வாட்டர்கலர், டை கட்டிங் இரண்டையும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் அட்டை: முதலில் வண்ணமா, வெட்டா?

கொடிமுல்லை | நவம்பர் 8, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேவாலயப் பங்கில் தனியாக வாழும் முதியவர்களுக்கு இந்த ஆண்டு கடையில் வாங்கிய அட்டை வேண்டாம், நாமே செய்து கொடுப்போம் என்று இளைஞர் குழுவில் முடிவாகியிருக்கிறது. அறுபது அட்டைகள் வேண்டும். பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கையில் இருப்பவை: கைப்பிடி சுழற்றும் டை கட்டிங் இயந்திரம் ஒன்று, ஊசியிலை மரம், நட்சத்திரம், பனித்துகள், இலை ஆகிய வடிவங்களில் மெல்லிய டைகள் (அழுத்தினால் தாளை அந்த வடிவில் வெட்டும் தகடுகள்), கேமல் வாட்டர்கலர் ட்யூப்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ், அதாவது சொரசொரப்பான தாள் ஒரு கட்டு. தாள் காட்டன் அல்ல, மரக்கூழ்தான்.

குழுவில் வரைய வராதவர்கள்தாம் அதிகம். அதனால்தான் டையை நம்பியிருக்கிறோம். என் கேள்வி வரிசையைப் பற்றியது. தாளில் வண்ணம் தீட்டிக் காயவைத்துப் பிறகு வெட்டுவதா, வெள்ளைத் தாளில் வடிவத்தை வெட்டியெடுத்துப் பிறகு வண்ணம் தீட்டுவதா? காணொளிகளில் இரண்டையும் செய்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் இருப்பது தூத்துக்குடி. மழைக்காலம், கடற்காற்று இரண்டையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

நீலமணி | நவம்பர் 8, இரவு 10.25

கொடிமுல்லை, தயங்கவே வேண்டாம். முதலில் வண்ணம், பிறகு வெட்டு. வரைய வராதவர்கள் இருக்கும் குழுவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வாட்டர்கலரில் கண்ணைப் பறிப்பது நீர் தானாக ஓடி உண்டாக்கும் கலப்பு. அதற்கு இடம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் மரத்துக்குள் தூரிகையை வைத்தால் நீர் ஓட வழியில்லாமல் கிளை நுனியில் தேங்கி நிற்கும். முழு ஏ4 தாளில் விட்டால் பச்சை ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் நீலமாகி, மற்றோரிடத்தில் பழுப்பாகத் தளர்ந்து, ஒரே தாளில் ஒரு காடே கிடைக்கும். கோடு போடும் வேலையை டை பார்த்துக்கொள்ளும். நீங்கள் நீரை மட்டும் கவனித்தால் போதும்.

செய்முறை. தாளின் நான்கு பக்கமும் பலகையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சுத்தமான நீரை அகலத் தூரிகையால் தாள் முழுக்கப் பரப்புங்கள். குளம்போல் நிற்கக் கூடாது, பட்டுத் துணிபோல் மின்ன வேண்டும். ட்யூபில் வரும் பச்சையை அப்படியே போடாதீர்கள், பிளாஸ்டிக் செடியின் நிறம் வந்துவிடும். அல்ட்ராமரின் நீலத்துடன் எல்லோ ஆக்கர் கலந்தால் அடங்கிய பச்சை வரும். தேலோ பச்சை இருந்தால் அதில் சிறிது பர்ன்ட் சியன்னா சேர்த்துக் கூர்மையைக் குறையுங்கள். இரண்டு மூன்று பச்சைகளை அங்கங்கே வைத்து, பலகையைச் சாய்த்து ஓடவிட்டு, பிறகு கையை எடுத்துவிடுங்கள். நடுவில் போய்த் திருத்துவதுதான் எல்லாவற்றையும் சேறாக்கும்.

தாள் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத் தாளை டை வெட்டாது, கிழிக்கும்.

மரம் 5 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம் என்றால் ஓர் ஏ4 தாளில் பதினாறு மரங்கள் வரும். நான்கு தாளில் உங்கள் தேவை தீர்ந்துவிடும். வெட்டுமுன் ஒன்று செய்யுங்கள். பழைய தாளில் அதே டையால் ஒரு மரத்தை வெட்டியெடுத்து, ஓட்டை விழுந்த அந்தத் தாளை வண்ணத் தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் எந்த மரம் கிடைக்கும் என்று வெட்டுமுன்பே தெரிந்துவிடும்.

டொரன்டோ வாசி | நவம்பர் 9, அதிகாலை 5.50

நீலமணி அக்கா சொல்வது மரத்துக்கும் வானத்துக்கும் முழுக்கச் சரி. இலைக்கும் பூவுக்கும் நான் உடன்பட மாட்டேன். அவற்றை முதலில் வெட்டுங்கள், பிறகு வண்ணம் தீட்டுங்கள்.

வெட்டிய இலையில் நீர் விளிம்பு வரை வந்து தானாக நின்றுவிடும். அதற்கு அப்பால் தாளே இல்லையே. சாதாரணத் தாளில் இவ்வளவு சுத்தமான விளிம்புக்குக் கை பழக வருடங்கள் ஆகும். ஹோலி (முள் விளிம்புள்ள கிறிஸ்துமஸ் அலங்காரச் செடி) இலையை வெள்ளையாக வெட்டி, நீர் தடவி, அடியில் அடர்பச்சை ஒரு சொட்டு, நுனியில் வெளிர்பச்சை ஒரு சொட்டு வைத்தால் நடுவில் இரண்டும் தாமே சந்தித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகூடச் செய்யலாம்.

ஆனால் இலையை மேசையில் படுக்க வைத்து வண்ணம் தீட்டக் கூடாது. விளிம்பில் வழியும் நீர் அடிப்பக்கம் போய், திரும்பவும் மேலே ஊறிக் கறை போடும். பிளாஸ்டிக் வலை அல்லது மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். அடியில் காற்று போக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வண்ணம் தீட்டியபின் வெட்டினால் தாளின் பக்கவாட்டில் வெள்ளை தெரியும். 300 ஜிஎஸ்எம் தாளை ஃபோம் டேப் வைத்து உயர்த்தி ஒட்டும்போது அந்த வெள்ளைக் கோடு துல்லியமாகத் தெரியும். எனக்கு மரத்தில் அது பிடிக்கும், பனி ஒதுங்கியதுபோல் இருக்கும். இலையில் பிடிக்காது.

இங்கே எங்களுக்கு எதிர்ச் சிக்கல். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டு, தாள் பாதி வண்ணத்தில் காய்ந்துவிடுகிறது. நான் காட்டன் தாளுக்கு மாறியது அதனால்தான், அது ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். தூத்துக்குடியில் உங்கள் மரக்கூழ்த் தாளே போதும். விரைவில் காயும், தவறு நேர்ந்தால் ஈரத் தூரிகையால் துடைத்தெடுக்கவும் விடும்.

அச்சகத்தான் | நவம்பர் 9, காலை 7.15

சிவகாசியில் அச்சகத்தின் டை கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வண்ணத்தைப் பற்றி நீலமணி அம்மாவும் டொரன்டோ சகோதரியும் சொல்லிவிட்டார்கள். வெட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் டை வேறு. ஒட்டுப்பலகையில் ரம்பத்தால் கோடு அறுத்து, அதில் எஃகுக் கத்திப் பட்டையை வளைத்துச் செருகுவோம். அந்தப் பட்டையின் உயரம் 23.8 மில்லிமீட்டர். கத்தியின் இருபுறமும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். வெட்டியவுடன் தாளை வெளியே தள்ளுவது அதன் வேலை. உங்கள் கையிலிருப்பது அமிலத்தால் அரித்து எடுத்த மெல்லிய தகடு. அளவுதான் சிறியது, சட்டம் ஒன்றுதான்: அழுத்தம் எங்கும் சமமாக இருந்தால்தான் வெட்டு சமமாக விழும்.

அடுக்கும் முறையை உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் அடியில் மேடைப் பலகை, அதன்மேல் வெட்டுத் தட்டு, அதன்மேல் தாள், தாளை நோக்கிக் கத்தி முகம் இருக்கும்படி டை, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு வெட்டுத் தட்டு. உருளைக்குள் போகும்போது கரகரவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். தட்டில் வெட்டுத்தடம் விழுந்து அது வில்லாக வளையும். அவ்வப்போது திருப்பிப் போட்டு ஓட்டினால் நிமிர்ந்துவிடும்.

டையைத் தட்டில் நேராக வைக்காதீர்கள், சற்றுச் சாய்த்து வையுங்கள். செவ்வகச் சட்டத்தின் நீண்ட விளிம்பு உருளைக்கு இணையாக இருந்தால் முழு விளிம்பும் ஒரே நொடியில் அழுத்தம் கேட்கும். இயந்திரம் திணறும், வெட்டு பாதியில் நிற்கும். சாய்த்து வைத்தால் கத்தி சிறிது சிறிதாக உள்ளே போகும்.

தாளின் ஓட்டத்தையும், அதாவது நார் செல்லும் திசையையும் பாருங்கள். தாளை இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் விழ வேண்டும். எதிர்த் திசையில் மடித்தால் 300 ஜிஎஸ்எம் தாளின் முதுகு வெடித்து நார் தெரியும். மடிக்குமுன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து ஒரு பள்ளம் போடுங்கள். பள்ளத்தின் மறுபுறம் சிறு மேடு எழும். அந்த மேடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாக மடிக்கிறார்கள்.

மாலை நட்சத்திரம் | நவம்பர் 9, காலை 11.40

ஒன்று கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகடு வைத்து வெட்டினால் அறுபது அட்டையிலும் ஒரே மரம்தானே இருக்கும்? அதைக் கையால் செய்தது என்று எப்படிச் சொல்வது? கத்தரிக்கோல் எடுத்து வெட்டுங்கள். கோணலாக வந்தாலும் அது ஒரு மனிதர் வெட்டியதாக இருக்கும். அதைப் பெறப் போகிறவர்கள் கடைப் பொருளின் நேர்த்தியை எதிர்பார்க்கவில்லை, தம்மை யாரோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்து செய்ததைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பழைய தபால் | நவம்பர் 9, மாலை 4.05

மாலை நட்சத்திரம், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கருவியையும் கையையும் எதிரெதிராக நிறுத்துவது கிறிஸ்துமஸ் அட்டையின் வரலாற்றுக்கே பொருந்தாது.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையை 1843இல் லண்டனில் வெளியிட்டவர் ஹென்றி கோல். படம் வரைந்தவர் அவருடைய நண்பரான ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி. நடுவில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து மதுக்கிண்ணத்தை உயர்த்துகிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். மதுவைக் காட்டியதற்காக அக்காலத்து மதுவிலக்கு ஆதரவாளர்கள் கண்டித்ததும் உண்டு. விலை ஒரு ஷில்லிங். நம் பேச்சுக்கு வேண்டியது இதுதான்: கோடுகள் கல்லச்சில் அச்சடிக்கப்பட்டன, வண்ணத்தை ஒவ்வோர் அட்டையிலும் தூரிகை பிடித்துக் கையால் தீட்டினார்கள். கோடு இயந்திரத்துடையது, வண்ணம் கையுடையது. கொடிமுல்லையின் குழு செய்யப் போவதும் அதைத்தான்.

டை வெட்டும் புதிதல்ல. விக்டோரியா காலத்தில் ஜெர்மனியில் அச்சிட்டு, புடைப்பு ஏற்றி, டையால் வெட்டிய வண்ணப் படங்களைத் தாள் தாளாக விற்றார்கள். தேவதை, ரோஜா, கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் சிறு தாள்பட்டைகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். வாங்கியவர்கள் பிரித்தெடுத்துத் தம் அட்டைகளிலும் ஆல்பங்களிலும் ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் கால அட்டைகளில் ராபின் குருவி ஏன் இவ்வளவு அதிகம் என்று நினைத்ததுண்டா? அன்றைய பிரிட்டிஷ் தபால்காரர்களின் சீருடை சிவப்பு, மக்கள் அவர்களையே ராபின் என்று அழைத்தார்கள். அட்டை கொண்டுவருபவரே அட்டைக்குள் ஏறிவிட்டார்.

அச்சகத்தான் | நவம்பர் 9, மாலை 4.50

அந்தத் தாள்பட்டை இணைப்பை நாங்களும் செய்வோம். கத்தியின் வாயில் அங்கங்கே மயிரிழை அளவு ராவிவிட்டால் அந்த இடத்தில் தாள் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். துண்டுகள் இயந்திரத்துக்குள் சிதறாது. பிறகு கையால் தட்டி உதிர்ப்போம். இத்தனை வருடம் செய்த வேலையின் பூர்வீகத்தை இன்றுதான் கேட்கிறேன். நன்றி ஐயா.

மாலை நட்சத்திரம் | நவம்பர் 9, இரவு 8.30

பழைய தபால் அண்ணா, ஏற்கிறேன். நீலமணி அக்காவின் பதிவை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது, வடிவம் ஒன்றாக இருந்தாலும் வண்ணத் தாளின் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதால் எந்த இரண்டு மரமும் ஒன்றாக இருக்காது.

இருந்தாலும் ஓர் இடத்திலாவது கை மட்டும் வேலை செய்யட்டும். மரத்துக்குப் பின்னால் வரும் மலைகளைக் கிழித்துச் செய்யுங்கள். நீலச் சாம்பல் பூசிய தாளைக் கையால் கிழித்தால், இரண்டு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் தாளின் வெள்ளைச் சதை தெரியும். அதுவே பனி படிந்த மலைமுகடு. கிழிக்கும் கை மாறும்போது முகடும் மாறும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அருமையான சாம்பல் வரும், கறுப்பே வேண்டியதில்லை.

நீலமணி | நவம்பர் 9, இரவு 8.55

மிகவும் நல்ல யோசனை. பின்மலைக்கு நீர் அதிகமாக, முன்மலைக்கு நீர் குறைவாக. தூரம் தானாக வந்துவிடும்.

கொடிமுல்லை | நவம்பர் 10, காலை 6.35

ஒரே நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கிழித்த மலையைக் கட்டாயம் சேர்க்கிறோம், குழுவின் சிறுவர்களுக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். பனிக்கு என்ன செய்வது? வெள்ளை வண்ணம் தெளிப்பதா, உப்பா, மாஸ்கிங் திரவமா?

கொடைச்சாரல் | நவம்பர் 10, காலை 9.20

மூன்றையும் நான் செய்கிறேன். மூன்றுக்கும் குணம் வேறு.

உப்பு: உங்கள் ஊரின் கல் உப்பே முதல் தரம். மேசை உப்பு போட்டால் பொடிப்பொடியாகப் புள்ளி விழும், கல் உப்பு பெரிய பனிப்பூக்களாக மலரும். எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாள் பளபளக்கும்போது போட்டால் உப்பு கரைந்து ஒன்றும் தெரியாது. பளபளப்பு முழுக்க மங்கிவிட்டால் வண்ணம் நகராது. தாளைக் கண் மட்டத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு அணைய ஆரம்பிக்கும் அந்த நேரத்தில் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருக்கும் நீரை இழுத்து, நிறத்தைத் தள்ளி, வெளிறிய பூவொன்றை விட்டுச்செல்லும். முழுக்கக் காய்ந்தபின் துடைத்தெடுங்கள்.

மழை நாளில் உப்பைத் தவிருங்கள். ஈரக் காற்றில் உப்பு தானே நீரைக் குடித்துக் கசியும், தாள் காயவே காயாது. உப்புப் போட்ட தாளை வெட்டுமுன் ஒரு கல்கூட மிச்சமில்லை என்று விரலால் தடவி உறுதி செய்யுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் டையின் அடியில் மாட்டினால் தாளில் குழி விழும், எஃகுத் தகட்டில் துரு ஏறும்.

மாஸ்கிங் திரவம் ரப்பர் பால், பூசிய இடத்தில் வண்ணம் ஏறாமல் காக்கும். தூரிகையை முதலில் சோப்பு நீரில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முடி ஒட்டிப் பாழாகும். அது இருக்கும்போது தாளை ஹீட் கன்னால் காயவைக்காதீர்கள். வெந்து தாளோடு சேர்ந்துவிடும், உரிக்கும்போது தாளின் தோலும் வரும். வெட்டுமுன் உரித்துவிட வேண்டும்.

அறுபது அட்டைக்கு நான் சொல்வது வெள்ளை குவாஷ் (அடியிலிருப்பதை மறைக்கும் அடர்த்தியான நீர்வண்ணம்) தெளிப்பு. குவாஷைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய பல்துலக்கியில் தொட்டு, அதன் முடிகளை விரலால் வருடித் தெறிக்கவிடுங்கள். பக்கத்துத் தாள்களை மூடிவிட்டுச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் அத்தனை வானத்திலும் பனி பெய்துவிடும்.

இன்னொன்று. இலை டை இருக்கிறது என்றீர்கள். அதிலேயே பாயின்செட்டியா செய்யலாம். அந்தச் செடியில் சிவப்பாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, இலைகள். உண்மைப் பூ நடுவில் மஞ்சளாகச் சிறிதாக இருக்கும். எங்கள் மலையில் டிசம்பரில் வேலியோரமெல்லாம் சிவந்து நிற்கும். சிவப்பில் ஐந்தாறு இலைகளை வெட்டி, பெரியவை அடியிலும் சிறியவை மேலேயும் வைத்து, நடுவில் மஞ்சள் புள்ளிகள் வைத்தால் போதும். சிவப்புக்கு அலிசரின் கிரிம்சனை நம்பாதீர்கள், அசல் அலிசரின் வெளிச்சத்தில் மங்கும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு நிலைக்கும். முதியவர்கள் அட்டையைச் சுவரில் மாட்டி வைப்பார்கள், ஆண்டுக்கணக்கில்.

நாகர்கோவில்காரி | நவம்பர் 10, பிற்பகல் 2.15

எல்லோரும் பனியைப் பற்றியே பேசுகிறீர்கள். தூத்துக்குடிப் பாட்டிக்குப் பனி எதற்கு? அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த கிறிஸ்துமஸ் வாசலில் தொங்கும் நட்சத்திரம்தான். மூங்கில் சட்டத்தில் வண்ணத் தாள் ஒட்டி, உள்ளே விளக்குப் போட்டு, டிசம்பர் பிறந்ததும் மாட்டுவோமே, அதைச் செய்யுங்கள். உங்களிடம் நட்சத்திர டையும் இருக்கிறது.

வானத்தில் வெளிச்சம் பரவும் வாஷ் (நீர் கலந்த வண்ணப் பூச்சு) ஒன்று சொல்லித் தருகிறேன். ஈரத் தாளின் நடுவில் மஞ்சள் வைத்துச் சுற்றிலும் நேராக நீலம் வைத்தால் இரண்டும் சேரும் இடம் பச்சையாகிவிடும். பச்சை இரவு யாருக்கும் வேண்டாம். மஞ்சளைச் சுற்றி முதலில் ரோஜா நிறத்தை ஒரு வளையமாக வையுங்கள், அதற்கு வெளியே நீலம். மஞ்சளும் ரோஜாவும் சேர்ந்து ஆரஞ்சு, ரோஜாவும் நீலமும் சேர்ந்து ஊதா. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு அந்தி நிறங்கள் வழியாகவே இறங்கிவிடலாம். நீலத்துக்குப் பிரஷ்யன் நீலம் நன்றாக இருக்கும். காய்ந்தால் வெளிறும் என்பதால் நினைத்ததைவிட ஒரு படி அடர்த்தியாகவே வையுங்கள்.

பிறகு நடுவில் நட்சத்திர டையால் வெட்டுங்கள். வெளியே வரும் துண்டைத் தூக்கிப்போட வேண்டாம். மஞ்சள், சிவப்பு வாஷ் பூசிய இன்னொரு தாளில் அதே டையால் ஒரு நட்சத்திரம் வெட்டி, வானத்தில் விழுந்த ஓட்டைக்குள் பதியுங்கள். ஒரே டை என்பதால் அச்சாகப் பொருந்தும். பின்பக்கம் ஒரு டேப் போதும். விரலால் தடவினால் மேடே தெரியாது. எடுத்து வைத்த நீல நட்சத்திரம் உறையின் பின்மூடியில் ஒட்டிக்கொள்ள ஆகும்.

நீலமணி | நவம்பர் 10, பிற்பகல் 3.00

நாகர்கோவில்காரி, இதுதான் அட்டை. மரத்தையும் மலையையும் வேண்டியவர்கள் செய்யட்டும். கொடிமுல்லை, பாதி அட்டைகளாவது இந்த நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பெறுபவர் தன் வாசலை அதில் அடையாளம் காண வேண்டும்.

கொடிமுல்லை | நவம்பர் 13, இரவு 9.45

முடிவு செய்துவிட்டோம், நாற்பது நட்சத்திரம், இருபது பாயின்செட்டியா. நேற்று ரோஜா வளையம் போட்டுப் பார்த்தோம். குழுவில் தூரிகையே பிடித்திராத ஒரு தம்பிக்குத்தான் மிக அழகாக வந்தது. தாளைத் தொடாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

மூன்று கேள்விகள் மிச்சம். பனித்துகள் டையில் நுண்ணிய வேலைப்பாடு உள்ள இடங்களில் தாள் சிக்கிக்கொள்கிறது, ஓரமும் பஞ்சுபோல் வருகிறது. வாஷ் போட்ட தாள் காய்ந்தபின் அலையலையாக இருக்கிறது. வாழ்த்தை ரப்பர் ஸ்டாம்பில் அடித்து மேலே வண்ணம் தீட்டினால் மை கரைகிறது. பத்துப் பன்னிரண்டு அட்டைகள் தபாலில் போக வேண்டியவை, பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்ட பாட்டிகளுக்கு. அதற்கும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அச்சகத்தான் | நவம்பர் 14, காலை 6.50

முதல் கேள்விக்கு: நுண்ணிய டைக்குக் கோல்ட் பிரஸ் தாள் ஏற்றதல்ல. அதன் மேடுபள்ளமும் கனமும் கத்தியைத் தடுக்கும். பனித்துகளை மட்டும் 200 ஜிஎஸ்எம் வழவழப்பான தாளில் வெட்டுங்கள். டைக்கும் தாளுக்கும் நடுவில் மெழுகுத் தாள் ஒரு துண்டு வையுங்கள், வெட்டுப்பட்டது வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்படியும் ஓரிடத்தில் வெட்டு விழவில்லையென்றால், அந்த இடத்துக்கு நேராக அடித்தட்டின் கீழ் சாதாரணத் தாளைச் சிறு துண்டாக ஒட்டுங்கள். அச்சகத்தில் நாங்கள் மணிக்கணக்கில் செய்தது இந்த ஒட்டு வேலைதான். பிறகு இயந்திரத்தை ஒருமுறை ஓட்டி, டையைத் திருப்பாமல் தட்டுகளை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி ஓட்டுங்கள்.

சிக்கிய துண்டை நகத்தால் இழுக்காதீர்கள். டையின் பின்பக்கம் இருக்கும் துளைகள் வழியாக ஊசியால் குத்தித் தள்ளுங்கள்.

ஓரம் பஞ்சாக வந்தால் தாளில் ஈரம் இருக்கிறது என்று பொருள். கடலோர ஊரில் காய்ந்த தாளும் இரவில் ஈரம் குடிக்கும். வெட்டுகிற அன்று காலையில் வெயிலோ, அரிசி டப்பாவோ, மூடிய பையில் சிலிக்கா ஜெல் பொட்டலமோ எதுவானாலும் சரி, தாளை உலர்த்திவிட்டு வெட்டுங்கள்.

டொரன்டோ வாசி | நவம்பர் 14, காலை 8.10

அலைக்கு: தாளைக் கவிழ்த்து, பின்பக்கம் முழுக்க நீரைச் சாரலாக ஒரே சீராகத் தெளியுங்கள். சுத்தமான இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை போட்டு, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். ஈரமான தாள்களை இடையில் ஒருமுறை மாற்றுங்கள். நிமிர்ந்துவிடும். குவாஷ் பனி தெளிப்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கு: உங்கள் ஸ்டாம்ப் பேடு நீரில் கரையும் சாய மை. வண்ணத்தின் மேல் வாழ்த்தை அடிப்பதாக இருந்தால் அதுவே போதும், கடைசி வேலையாக அடியுங்கள். கீழே அடித்து மேலே வண்ணம் போட வேண்டுமென்றால் நீர் புகாத பிக்மென்ட் மை வேண்டும், அதுவும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கோடு வரைவதற்குப் பிக்மா மைக்ரான் பேனா பயன்படுத்துங்கள், நீரில் கரையாது.

ஒட்டுவதற்குப் பசையை அதிகம் நம்பாதீர்கள். வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. மிகச் சிரமப்பட்டு நிமிர்த்திய தாளை அது மறுபடி வளைக்கும். வானத் தாளை அட்டையில் ஒட்ட இருபக்க டேப், இலைகளின் நடுப்புள்ளிக்கு மட்டும் ஊசிமுனையளவு பசை.

பழைய தபால் | நவம்பர் 14, காலை 10.30

தபாலுக்கு நான் வருகிறேன். முதலில் எடை. நம் நாட்டில் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். அதைத் தாண்டினால் அடுத்த படிக்கு உரிய தபால்தலை ஒட்ட வேண்டும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர் அட்டை, சி6 உறையில் சரியாக அமரும். இப்போது கணக்குப் பாருங்கள். அடி அட்டை 300 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 9.3 கிராம். மேலே ஒட்டும் வானத் தாள் 95-க்கு 138 மில்லிமீட்டர், 300 ஜிஎஸ்எம், சுமார் 3.9 கிராம். 100 ஜிஎஸ்எம் உறை நான்கரை கிராம் அளவில் வரும். இதுவே 17.7. பாயின்செட்டியா இலைகளும் ஃபோம் டேப்பும் ஏறினால் 20 எல்லையில் நிற்கும். அடி அட்டைக்கு வாட்டர்கலர் தாள் தேவையே இல்லை, அதில் நீர் படப் போவதில்லை. 220 ஜிஎஸ்எம் சாதாரண அட்டை வாங்குங்கள், 6.8 கிராம்தான். இரண்டரை கிராம் மிச்சம், செலவும் குறைவு.

உறையின் வலது மேல் மூலையில் தபால்தலை, அதன்மேல் முத்திரை ஓங்கி விழும். உறைக்குள் அந்த இடத்தில் ஃபோம் வைத்து உயர்த்திய பூ இருந்தால் நசுங்கிவிடும். தபாலில் போகும் அட்டைகளில் பூவை இடது கீழ்ப் பக்கமாக அமைத்து, முகப்பு உறையின் முன்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். நட்சத்திர அட்டைகளுக்கு இந்தக் கவலை இல்லை, பதித்த வேலையில் மேடு கிடையாது. தபாலுக்கு அவற்றையே ஒதுக்குங்கள் என்பேன்.

டொரன்டோ வாசி | நவம்பர் 14, முற்பகல் 11.05

இதில் கனடாவுக்கு வருவது ஏதாவது இருந்தால் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சாதாரணக் கடிதத்துக்கு 5 மில்லிமீட்டர் எல்லை.

கொடிமுல்லை | நவம்பர் 14, இரவு 9.20

கனடாவுக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது அக்கா, ஸ்கார்பரோவுக்கு. நட்சத்திர அட்டைதான் அனுப்புகிறோம்.

220 ஜிஎஸ்எம் அட்டை நாளை வாங்குகிறேன். வாழ்த்தை ஸ்டாம்பில் அடிக்காமல் கையால் பெரிய எழுத்தில் எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், பலருக்குப் பார்வை மங்கல். சனிக்கிழமை வெயில் அடித்தால் வெட்டத் தொடங்குகிறோம். குடில் வடிவில் சிறிய டை யாரிடமாவது இருக்கிறதா? வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் போதும், ஜனவரியில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நாகர்கோவில்காரி | நவம்பர் 14, இரவு 9.50

என்னிடம் இருக்கிறது, 6 செ.மீ. அகலம். வியாழக்கிழமை என் தம்பி தூத்துக்குடி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாடகை வேண்டாம், ஓர் அட்டை அனுப்புங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள். கூரையின் நுனி சற்று மழுங்கியிருக்கிறது, அந்த இடத்துக்கு மட்டும் அச்சகத்தான் ஐயா சொன்ன தாள் ஒட்டு வேண்டியிருக்கும்.